டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்

மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியலை. மார்ச் கணக்கு முடிப்பு, அது முடிஞ்ச கையோட ஆடிட்னு கிளையில ஆணி ஜாஸ்தி. அது போதாதுன்னு வீட்டில பொண்ணுக்கு செகண்ட் பி.யூ.சி. பரீட்சை (ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு: நம்ம ப்ளஸ் டூதான்). ரெண்டும் முடிஞ்சு, பெங்களூர்ல இருக்கிற தமிழ்க் குடும்பங்க எல்லாம் மே மாசத்துல என்ன பண்ணுமோ அதைத்தான் நாங்களும் பண்ணிட்டிருக்கோம். காலேஜ் காலேஜா ஏறி இறங்கறது.

பொண்ணு மெக்கானிக்கல்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. தங்கமணி கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேற பேச்சே எடுக்க விடறதில்லை. நான் பாளையங்கோட்டையில பி.காம். படிச்சவன். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினா கழலும்னு இன்னிக்கும் ஒரு செகண்ட் யோசிக்கிற ஆசாமி. அதனால மெக்கானிக்கல் நல்லதா கெட்டதான்னு இங்க பஞ்சாயத்து பண்ணப் போறதில்லை. சொல்ல வந்தது வேற. பிள்ளையை மெக்கானிக்கல்ல சேர்க்கிற நம்மள்ல பாதிப் பேர் அந்த டிபார்ட்மெண்டோட லேப், ஒர்க்‌ஷாப் பக்கம் எட்டிப் பார்க்கறதே இல்லை. பார்க்கிற மீதிப் பேரும் எதைப் பார்க்கணும்னு தெரியாமப் பார்த்துட்டு வர்றோம். இது பெரிய தப்புங்கறது என் கட்சி. இந்தத் தப்பை ஒரு வங்கி அதிகாரியா நானும் பல வருஷம் பண்ணியிருக்கேன். அதனால உபதேசம் பண்ற தகுதி எனக்குக் கொஞ்சம் கம்மிதான், முதல்லயே சொல்லிடறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2019ல நான் பீன்யா பக்கம் ஒரு கிளையில கடன் பிரிவுல இருந்தேன். யஷ்வந்தபுரம் மார்க்கெட்டுல மூட்டை தூக்கற ஒருத்தர், கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர், மகன் படிப்புக்குக் கடன் கேட்டு வந்தார். ஒரு தனியார் காலேஜ், மெக்கானிக்கல், 4 லட்சம். அட்மிஷன் கடிதம் இருக்கா, ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கா, ஃபீஸ் விவரம், மார்க் ஷீட், வருமானச் சான்றிதழ்னு வரிசையா டிக் அடிச்சு நாலே நாள்ல சாங்ஷன் பண்ணிக் குடுத்தேன். அந்த அப்பா ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுட்டுப் போனார். எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு பெருமைதான், மறைக்க என்ன இருக்கு.

அப்புறம் நான் மாற்றலாகிப் போய், சுத்திச் சுத்தி 2024ல மறுபடி அதே கிளைக்கே வந்து சேர்ந்தேன். வந்த ரெண்டாவது வாரம், தவணை நின்னு போன கணக்குகளோட பட்டியலை எடுத்து வெச்சா, அதுல இந்தப் பையன். கோப்புல சாங்ஷன் கையெழுத்து என்னோடது. 90 நாள் தாண்டினா அது வாராக்கடன். அவன் பேருக்கும் அப்பா பேருக்கும் சிபில்ல கறுப்பு விழுந்துடும்.

கூப்பிட்டு விசாரிச்சா, "வேலை கிடைக்கலை சார், பைக்ல சாப்பாடு டெலிவரி பண்ணிட்டிருக்கேன்"ங்கறான். சரின்னு நம்ம கிளைக்குப் பல வருஷமா வாடிக்கையாளரா இருக்கிற, பீன்யாவுல லேத் ஒர்க்‌ஷாப் நடத்தற ஒரு கோயமுத்தூர்க்காரர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் இன்டர்வியூ எல்லாம் ஒண்ணும் பண்ணலை. மேஜை மேல கிடந்த ஒரு ஜாப்பையும் மைக்ரோமீட்டரையும் எடுத்துக் கையில குடுத்தார். "ரீடிங் எவ்வளவுன்னு சொல்லு தம்பி."

பையன் மைக்ரோமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு ரவுண்டு சுத்தினா அரை மில்லிமீட்டர், தலையில அம்பது கோடு, ஆக ஒரு கோட்டுக்கு 0.01 மில்லிமீட்டர். இது இப்ப எனக்கே தெரியும், அன்னிக்கு அவர் சொல்லித்தான் தெரிஞ்சது. பி.இ. முடிச்ச பையனுக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்றதுகூடச் சரியில்லை, பரீட்சையில எழுதச் சொன்னா படம் போட்டு எழுதியிருப்பான். கையில எடுத்துப் பழக்கமில்லை.

"லேத்துல கை வெச்சிருக்கியா?"

"ரெண்டாவது வருஷம் கொரோனா சார், வீடியோ போட்டுக் காமிச்சாங்க. அப்புறம் லேப் நடந்துச்சு. எங்க பேட்ச்ல இருபது பேரு, ஓடற லேத் மூணு. நான் ரெண்டு தடவை ஓட்டியிருக்கேன் சார்."

வெளிய வந்தப்புறம் அந்த முதலாளி என்கிட்ட தனியா சொன்னது இன்னும் காதுல இருக்கு. "பையன் மேல தப்பில்லீங்க சார். நாலு வருசம் காசு வாங்கிட்டு எதைத்தான் காமிச்சாங்களோ."

இதுல என் வயித்தைக் கலக்கின விஷயம் என்னன்னா, அதே முதலாளிக்கு அதே மாசம்தான் ஒரு சி.என்.சி. மெஷின் வாங்க 22 லட்சம் கடன் குடுத்திருந்தோம். அதுக்கு நாங்க பண்ணின ஆய்வு கொஞ்சமா? ரெண்டு கொட்டேஷன், மெஷின் இறங்கினதும் நேர்ல போய் நம்பர் பிளேட்டைச் சரிபார்த்தது, மெஷின் மேல எங்க வங்கி பேரை எழுத வெச்சுப் போட்டோ எடுத்தது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷன். மெஷின் நிக்குதா ஓடுதான்னு எப்படிக் கண்டுபிடிப்போம் தெரியுமா? கரெண்ட் பில்லைக் கேட்போம். மூலப்பொருள் வாங்கின ரசீதைக் கேட்போம். தரையில சுருள் சுருளா இரும்புச் சீவல் கிடக்குதான்னு பார்ப்போம். எண்ணெய் வாசனைகூட ஒரு சாட்சிதான். 22 லட்சத்துக்கு இவ்வளவு. 4 லட்சத்துக்கு அடமானம் ஒரு பையனோட நாலு வருஷம், அதைப் பார்க்க நான் அந்தக் காலேஜ் வாசலைக்கூட மிதிக்கலை. விதிப்படி மிதிக்க வேண்டியதில்லைங்கறது உண்மைதான். 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்துலயும் ஆரம்பத்துல தேசியத் தரவரிசைப்படி 860 கல்வி நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தாங்க. வங்கிக்காரன் பட்டியல்ல பேர் இருக்கான்னு பார்த்தாப் போதும், லேப்ல லைட் எரியுதான்னு பார்க்க வேண்டியதில்லை.

அன்னிலேர்ந்துதான் இந்த லேப் விஷயத்தை நோண்ட ஆரம்பிச்சேன். காமர்ஸ் கும்பலுக்காகக் கொஞ்சம் விளக்கிடறேன். இன்ஜினியரிங் படிச்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம்.

மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட்னா ஒரு லேப் இல்லை, ஏழெட்டு லேப். முதல் வருஷம் ஃபிட்டிங், வெல்டிங், தகரவேலை. அப்புறம் லேத், மில்லிங், டிரில்லிங் இருக்கிற மெஷின் ஷாப். மண்ணுல அச்சு எடுத்து வார்க்கிற ஃபவுண்டரி. கம்பியை இழுத்து உடைச்சுப் பார்க்கிற மெட்டீரியல் டெஸ்டிங் லேப். தண்ணி குழாயும் டர்பைனுமா இருக்கிற ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப். டீசல் இன்ஜினை ஓட விட்டு எவ்வளவு குடிச்சு எவ்வளவு உழைக்குதுன்னு கணக்குப் பார்க்கிற லேப் (எங்க தாத்தா தோட்டத்துல பம்புசெட் ஓட்டின மாதிரி ஒத்த சிலிண்டர் கிர்லோஸ்கர் இன்ஜின்தான் பெரும்பாலும்). சூடு எப்படிப் பரவுதுன்னு பார்க்க ஒண்ணு. மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கை அளக்கப் பழக்கற மெட்ராலஜி லேப். அப்புறம் கம்ப்யூட்டர்ல டிசைன் பண்றது. இதுல சில சோதனைகளுக்கு வயசு நூத்துக்கு மேல. கண்ணாடிக் குழாய்ல ஓடற தண்ணிக்குள்ள சாய நூல் ஒண்ணை விட்டு, மெதுவா ஓடினா நூல் நேரா போகுது, வேகம் கூடினா கலைஞ்சு போகுதுன்னு 1883ல இங்கிலாந்துல மான்செஸ்டர்ல ரெனால்ட்ஸ்னு ஒரு பேராசிரியர் காமிச்சார். அந்தச் சோதனையைத்தான் நம்ம பிள்ளைங்க இன்னிக்கும் லேப்ல பண்ணுது. அவர் பயன்படுத்தின அசல் தொட்டியை மான்செஸ்டர் பல்கலைக்கழகம் இன்னும் வெச்சிருக்கு.

சரி, மெஷின் எல்லாம் இருக்கு. அப்ப சிக்கல் எங்க? நேரத்துல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை கணக்கு, அதைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பேட்ச்ல 20 பேர், ஓடற லேத் 4, லேப் நேரம் 3 மணி. 4 லேத்துக்கு மொத்தம் 720 நிமிஷம், 20ஆல வகுத்தா ஆளுக்கு 36 நிமிஷம். வருகைப் பதிவு, விளக்கம், துடைச்சு வைக்கிற நேரத்தைக் கழிச்சா அரை மணி நிக்காது. ஒரு ஜாப்பை முழுசா முடிக்க ரெண்டு மூணு மணி நேரம் வேணுங்கறாங்க. அப்ப என்ன நடக்கும்? ஒருத்தன் ஓட்டுவான், நாலு பேர் வேடிக்கை பார்ப்பான். சூடு பரவற சோதனைக்கு இன்னும் மோசம். வெப்பநிலை ஒரே இடத்துல நிலையா நிக்கணும்னா ஒரு மணி, ஒண்ணரை மணி ஆகும். மூணு குரூப் வரிசையில நின்னா மூணாவது குரூப்புக்கு நேரமே இல்லை. போன வருஷ சீனியரோட ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதிடும் பிள்ளைங்க. நாங்க பேலன்ஸ் ஷீட்ல பண்ணினா ஜெயில். லேப்ல பண்ணினா பத்துக்கு ஒம்பது மார்க்.

இதுல பணம் எவ்வளவு சம்பந்தப்பட்டதுன்னு நினைக்கறீங்க? 25 மில்லிமீட்டர் தடிமன், 15 சென்டிமீட்டர் நீளம் இருக்கிற இரும்புத் தண்டு ஒண்ணு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. விலை நாப்பது அம்பது ரூபாய். வருஷத்துக்கு ஒண்ணரை லட்சம், ரெண்டு லட்சம் ஃபீஸ் வாங்கற இடத்துல பிள்ளை கையில ஒரு முழுத் தண்டைக் குடுத்து, கெடுத்தாலும் பரவாயில்லை இன்னொண்ணு எடுத்துக்கோன்னு சொல்ல மனசு வரமாட்டேங்குது. மெஷின் வாங்க வர்ற காசு ஒரு தடவை வரும், ரிப்பன் வெட்டலாம், போட்டோ போடலாம். தண்டு, கட்டிங் டூல், கூலன்ட், பெல்ட்டுக்கு மாசா மாசம் போற காசுக்கு யாரும் ரிப்பன் வெட்டறதில்லை.

இந்த இடத்துலதான் தலைப்பு வருது. காலேஜ்ல ஒவ்வொரு லேப்லயும் ரெண்டு ரிஜிஸ்டர் இருக்கும். மெஷின், கருவி மாதிரி நிரந்தரப் பொருளுக்கு டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர். தீர்ந்து போற பொருளுக்கு கன்ஸ்யூமபிள் ரிஜிஸ்டர். பேரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. காலேஜ்காரங்க இணையத்துல போடற "வசதிகள்" பட்டியல் இருக்கே, இத்தனை லேத், இத்தனை டன் யு.டி.எம்., எல்லாம் டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்தான். இன்ஸ்பெக்‌ஷன் வர்றவங்களும் முக்கியமா அதைத்தான் எண்ணறாங்க. பல வருஷம் வழக்கத்துல இருந்த என்.பி.ஏ. படிவத்துல லேப், கருவி, தொழில்நுட்ப ஊழியர் எல்லாம் சேர்த்து 1000 மார்க்குக்கு 80. பிள்ளை தொட்டுதா இல்லையாங்கறது அந்த இன்னொரு ரிஜிஸ்டர்ல இருக்கு. அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற அப்பா அம்மாவை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

இந்த ஊர்ல உக்காந்துட்டு இதைப் பேசறதுல ஒரு வேடிக்கை இருக்கு. இந்தியாவுல இயந்திரத் தொழிலுக்குப் பேர் போன ஊர் இது. கே.ஆர். சர்க்கிள்ல இருக்கிற யு.வி.சி.இ.யை விஸ்வேஸ்வரய்யா 1917ல, மைசூர் திவானா இருந்தப்ப ஆரம்பிச்சார். மைசூர் சமஸ்தானத்தோட முதல் இன்ஜினியரிங் காலேஜ், அப்பவே சிவிலோட மெக்கானிக்கலும் இருந்தது. பல வருஷம் பெங்களூர் பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருந்து, 2022ல தனிப் பல்கலைக்கழகம் ஆச்சு. 1953ல எச்.எம்.டி. இங்க ஆரம்பிச்சது. நாடு முழுக்க எந்தக் காலேஜ் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் ஒரு எச்.எம்.டி. லேத்தாவது நிக்கும், ஜாலஹள்ளியில பிறந்து ஊர் ஊரா வாழ்க்கைப்பட்டுப் போனது. அந்த ஜாலஹள்ளியில 2019லேர்ந்து எச்.எம்.டி.க்கு ஒரு மியூசியம் இருக்கு.

அதே 1953ல யு.வி.சி.இ.யில (அப்ப அது அரசு இன்ஜினியரிங் காலேஜ்) மெக்கானிக்கல் முடிச்சவர் ரொத்தம் நரசிம்மா. பின்னாடி விமானவியல்ல உலகம் அறிஞ்ச விஞ்ஞானி, பத்மவிபூஷண், 2020 டிசம்பர்ல காலமானார். அவர் எப்படி அந்தப் பக்கம் போனார்னா, ஐ.ஐ.எஸ்.சி.யில (நம்ம பஸ் கண்டக்டருக்கு இன்னிக்கும் டாட்டா இன்ஸ்டிட்யூட்) விமானவியல் துறை முற்றத்துல ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் நின்னுட்டிருந்தது. அதைப் பார்த்து மயங்கிப் போனதை அவரே பல தடவை சொல்லியிருக்கார். மெக்கானிக்கல் முடிச்ச கையோட அங்க சேர்ந்து, அப்புறம் கால்டெக் வரைக்கும் போனார். அந்த ஸ்பிட்ஃபயர் எந்தப் படிவத்துல எத்தனை மார்க் வாங்கியிருக்கும்னு நினைச்சுப் பார்த்துக்கறேன். ஒரு பையன் கண்ணுல படற மாதிரி நின்னது, அவ்வளவுதான் அது பண்ணின வேலை. ஐ.ஐ.எஸ்.சி. இப்பவும் வருஷத்துக்கு ஒரு நாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து விடறாங்க. பெங்களூர்வாசிகளே, பிள்ளை எட்டாவது ஒம்பதாவது படிக்கிறப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க, செலவு பஸ் டிக்கெட்தான். கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துல கீழ இருக்கிற இன்ஜின் ஹாலுக்கும் கூட்டிட்டுப் போங்க. என் பொண்ணுக்கு இந்தக் கிறுக்கு அங்கதான் பிடிச்சிருக்கும்னு தங்கமணி என்னைத்தான் குற்றவாளிக் கூண்டுல ஏத்தறாங்க.

நம்ம ஊர்ப் பக்கம் இதுக்கு ஒரு நல்ல உதாரணம் கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. அங்க காலேஜுக்கு முன்னாடி பிறந்தது தொழிற்சாலை. 1926ல பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட், அதுக்கப்புறம் 1951ல பி.எஸ்.ஜி. டெக். தமிழ்நாடு கவுன்சிலிங் பட்டியல்ல "சாண்ட்விச்"னு ஒரு மெக்கானிக்கல் படிப்பு வரும். ஏதோ கேன்டீன் சமாச்சாரம்னு நினைச்சுத் தாண்டிப் போயிடாதீங்க (ஒரு காலத்துல நான் நினைச்சேன், ஹிஹி). நாலு வருஷப் படிப்பு அஞ்சு வருஷமா நீளும், படிப்புக்கு நடுவுல தொழிற்சாலையில வேலை பழகறதைச் செருகியிருப்பாங்க. அங்க விக்கறதுக்குன்னு பொருள் செய்யறாங்க. மார்க்குக்காகச் செய்யற ஜாப் தப்பாப் போனா அரை மார்க் குறையும். விக்கற ஜாப் தப்பாப் போனா ஒருத்தர் வந்து திட்டுவார். திட்டு வாங்கிப் பழகினவன் மைக்ரோமீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்க்க மாட்டான்.

இப்ப எல்லாமே கம்ப்யூட்டர்ல ஆச்சு, இரும்பைக் கட்டிட்டு ஏன் அழறேன்னு கேப்பீங்க. எங்க அபார்ட்மெண்ட்ல இருக்கிற சாஃப்ட்வேர் நண்பர்கள் வாக்கிங் போறப்ப இதையேதான் கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தற வர்ச்சுவல் லேப் இருக்கு, வீட்டில உக்காந்தே சோதனை பண்ணிப் பார்க்கலாம். முன்னாடியே ஒரு தடவை பார்த்துட்டுப் போறதுக்கு அருமையான விஷயம், நானே பொண்ணோட உக்காந்து பார்த்தேன். ஆனா கம்ப்யூட்டர்ல போடற எண் எங்கேயிருந்து வருது? சாதாரண இரும்புக்கு இத்தனை தாங்கும்னு 250ங்கற எண்ணை மென்பொருள்ல போடறாங்க. பீன்யா முதலாளி சொல்றார், போன லோடுல வந்த கம்பி ஒரு மாதிரி, இந்த லோடுல வந்தது வேற மாதிரி வெட்டுதுன்னு. கம்பியை ஒரு தடவையாவது இழுத்து உடைச்சுப் பார்த்தவனுக்குத்தான் அந்த 250 மேல சந்தேகம் வரும். சந்தேகம் வராத இன்ஜினியர் செஞ்ச பாலத்துல நான் கார் ஓட்ட மாட்டேன்.

மெக்கானிக்கல் படிச்சவன் எல்லாம் கடைசியில ஐ.டி.க்குத்தானே போறான்ங்கறது அடுத்த கேள்வி. நிறையப் பேர் போறாங்க, ஒத்துக்கறேன். ஆனா அது அவன் விரும்பிப் போனதா இருக்கணும். நாலு வருஷம் எதையும் தொடாததால வேற வழியில்லாமப் போனதா இருக்கக் கூடாது. காலேஜ்காரங்க பக்கத்து நியாயமும் தெரியாம இல்லை. 2024-25லேர்ந்து நல்லா நடக்கற காலேஜ்களுக்கு ஒரு பிரிவுக்கு இத்தனை சீட்தான்ங்கற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துடுச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பெருகுது, மெக்கானிக்கல் சீட் காலியா கிடக்குது. காலியா கிடக்கற டிபார்ட்மெண்ட்டுக்கு எந்த நிர்வாகம் கட்டிங் டூல் வாங்கிக் குடுக்கும்? வங்கியிலயும் நஷ்டத்துல ஓடற கிளைக்கு முதல்ல நிறுத்தறது ஏ.சி.தான்.

நாங்க பார்த்த முதல் காலேஜ்ல இதைக் கண்ணாலயே பார்த்தேன். பேர் வேண்டாம். ஊருக்கு வெளிய, கண்ணாடிக் கட்டடம். ஒர்க்‌ஷாப்னு கூட்டிட்டுப் போன ஹால்ல பாதியைத் தடுத்துக் கம்ப்யூட்டர் போட்டிருந்தாங்க. மீதிப் பாதியில லேத் எல்லாம் பச்சை பெயின்ட்ல மினுமினுன்னு நிக்குது. நம்ம பரம்பரைப் புத்தி, குனிஞ்சு கீழ இருக்கிற ட்ரேயைப் பார்த்தேன். ஒரு சீவல் இல்லை. விரலை வெச்சுத் தடவினா தூசிதான் வருது, எண்ணெய் வரலை. சி.என்.சி. மெஷினுக்கு வந்தப்ப போட்ட பிளாஸ்டிக் உறையே இன்னும் கழட்டலை. யு.டி.எம்.ல ஒட்டியிருந்த காலிபரேஷன் ஸ்டிக்கர் தேதி முடிஞ்சு ரெண்டு வருஷம். கூட வந்த அட்மிஷன் ஆபீஸ் பொண்ணுகிட்ட, "கன்ஸ்யூமபிள் ரிஜிஸ்டர் பார்க்கலாமாம்மா?"ன்னு பவ்யமாத்தான் கேட்டேன். "சார், நீங்க ஆடிட்டரா?"ன்னு கேட்டுது பாவம். தங்கமணி கையைக் கிள்ளி இழுத்துட்டுப் போயிட்டாங்க.

இன்னொரு விஷயம் கேட்டேன், அதுக்கும் பதில் வரலை. லேப் இன்ஸ்ட்ரக்டர், மெக்கானிக் எத்தனை பேர்? பேராசிரியர் எண்ணிக்கையை எல்லாரும் கேக்கறோம். லேத் பக்கத்துல நின்னு பிள்ளை கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுக்கிறது காக்கிச் சட்டை போட்ட அந்த மனுஷர்தான். அவர் ரிட்டையர் ஆனா அந்த இடத்தைக் கான்ட்ராக்ட்ல நிரப்பறாங்க, இல்லே நிரப்பறதே இல்லை. இது வெறும் படிப்பு விஷயம் இல்லை. 2011 ஏப்ரல்ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல, படிப்பு முடிக்கிற தறுவாயில இருந்த ஒரு மாணவி ராத்திரி நேரத்துல தனியா ஒர்க்‌ஷாப்ல வேலை செஞ்சப்ப, தலைமுடி லேத்துல சிக்கி இறந்து போனாள். யேல்லயே அந்தக் கதி. இடுப்பு வரைக்கும் பின்னல் போட்ட பொண்ணைப் பெத்தவன் நான். லேப் வேணும்னு எவ்வளவு கத்தறேனோ அதே அளவு, பக்கத்துல ஆள் வேணும்னும் கத்துவேன்.

ரெண்டாவதா போனது ஒரு பழைய காலேஜ். கட்டடம் காரை பெயர்ந்து கிடக்கு, கேன்டீன் காபி சுமார். ஒர்க்‌ஷாப் கதவைத் தள்ளினதும் மூக்குல எண்ணெய் வாசனை. எச்.எம்.டி. லேத் ஒம்பது இருந்துச்சு, பெயின்ட் எல்லாம் கைபட்டுக் கைபட்டுத் தேய்ஞ்சு வெள்ளையாத் தெரியுது. ரெண்டுல மட்டும் "ரிப்பேர்"னு அட்டை தொங்குது. அந்த அட்டையே எனக்குப் பிடிச்சது. ஓடினாத்தானே ரிப்பேர் ஆகும்! மூலையில ஒரு டிரம் நிறைய இரும்புச் சுருள். காக்கிச் சட்டையில ஒரு பெரியவர், ரிட்டையர் ஆக இன்னும் ஒரு வருஷம்தானாம், பொண்ணைப் பார்த்து "பாரம்மா, நோடு"ன்னு டெஸ்டிங் லேப்புக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க ரெண்டு பிள்ளைங்க யு.டி.எம்.ல ஒரு கம்பியை மாட்டிட்டிருந்தாங்க.

நானும் அப்பதான் முதல் தடவை பார்க்கறேன். முள் ஏறிட்டே போகுது, ஒரு இடத்துல தயங்கி நிக்குது. கம்பி அங்க தோத்துப் போச்சுன்னு பெரியவர் சொன்னார். மறுபடி ஏறுது. அப்புறம் முள் இறங்க ஆரம்பிக்குது, கம்பியோட நடுவுல ஒரு இடம் கழுத்து மாதிரி மெலிஞ்சு போகுது. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கறோம். டமார்னு ஒரு சத்தம். தங்கமணி ஐயோன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பெரியவர் உடைஞ்ச துண்டை எடுத்துப் பொண்ணு கையில வெச்சார். சுடுதுப்பான்னா. ஒரு துண்டோட முனை கிண்ணம் மாதிரி குழிஞ்சு இருக்கு, இன்னொண்ணு அதுக்குள்ள உக்கார்ற கூம்பு மாதிரி.

பையன் கணக்கு என்னாச்சுன்னு சொல்லணுமே. பீன்யா முதலாளி அவனைப் பயிற்சியாளரா எடுத்துக்கிட்டார், முதல் வருஷம் சம்பளம் 14 ஆயிரம். அதுல தவணையே ஆறாயிரம் கிட்ட வருது, மீதியை வெச்சு பெங்களூர்ல எப்படிக் காலம் தள்றான்னு எனக்குப் புரியலை. ராத்திரியில இன்னும் டெலிவரி ஓட்டறான்னு அவங்க அப்பா சொன்னார். கணக்கு வாராக்கடன் ஆகலை. எங்க வங்கிக்கு அது நல்ல செய்தி.

காமெட்கே ரிசல்ட் வந்ததும் பட்டியல்ல எந்தக் காலேஜை மேல போடறதுன்னு வீட்டில சண்டை இன்னும் முடியலை. தங்கமணி கண்ணாடிக் கட்டடத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் போடலாம்ங்கறாங்க, பொண்ணு காரை பெயர்ந்த காலேஜ்ல மெக்கானிக்கல். உடைஞ்ச கம்பித் துண்டு ரெண்டும் இப்ப எங்க வீட்டு டிவி பக்கத்துல இருக்கு. ஃபோன் பேசறப்பல்லாம் பொண்ணு அதை எடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு பொருத்திப் பார்த்துட்டே இருக்கா.

டிஸ்கி: ரிஜிஸ்டர் கேட்டதுக்காக உங்களையும் யாராவது ஆடிட்டரான்னு கேட்டா, ஆமான்னே சொல்லிடுங்க. மூணாவது காலேஜ்ல நான் அப்படித்தான் சொன்னேன். காபி குடுத்தாங்க.